மூடிப்போன பெலிக்கன் சத்திரம்: 1795 மே 6இல் அங்கே என்ன முடிவானது?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 8

இங்கிலாந்தில் எந்தப் பழைய பப்பை எடுத்தாலும் அதே கதைதான். ராஜா ஒரு ராத்திரி தங்கினார், கொள்ளைக்காரன் ஒளிந்திருந்தான், மாடியில் பேய் நடமாடுகிறது. எல்லாம் பீர் விற்கக் கட்டிய கதை என்பது என் கட்சி. உண்மையிலேயே நாட்டைப் பாதித்த ஒரு காரியம் நடந்த பப் ஒன்றைச் சொல்லுங்கள் பார்க்கலாம். மூடிப்போனதாக இருந்தாலும் சரி.

பிப்ரவரி 8, இரவு

இருக்கிறது. பெர்க்‌ஷயரில் நியூபரி என்ற சந்தை ஊர். வியாழனும் சனியும் இன்றும் சந்தை கூடுகிறது. ஊரின் வடக்கு ஓரம், கென்னட் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஸ்பீனம்லாண்ட் என்ற பகுதி. லண்டனிலிருந்து பாத் நகருக்குப் போகும் பெருவழி அதன் வழியாகத்தான் போனது. அந்தச் சாலை மேல் இருந்தது பெலிக்கன் சத்திரம். ஜார்ஜ் அண்டு பெலிக்கன் என்றும் சொல்வார்கள்.

1795 மே 6ஆம் தேதி பெர்க்‌ஷயர் மாஜிஸ்திரேட்டுகள் அங்கே கூடி, ரொட்டி விலை ஏறினால் கூலிக்காரன் குடும்பத்துக்கு எவ்வளவு காசு சேர வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கை வைத்து இருநூறு வருஷமாகப் பொருளாதார நிபுணர்கள் சண்டை போடுகிறார்கள். பேய் கிடையாது. போதுமா?

பிப்ரவரி 9

“பப்பில் உட்கார்ந்து சட்டம் போட்டார்களா, எத்தனை ரவுண்டு போன பிறகு?” என்று கேட்ட தம்பிக்கு: அந்தக் காலத்தில் ஊரில் பெரிய கூடம் என்றால் சத்திரத்துக் கூடம்தான். ஏலம் அங்கே, சாலைச் சுங்கக் குழு அங்கே, பிண விசாரணைகூட அங்கே. மாஜிஸ்திரேட் கூட்டம் அங்கே நடந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. அப்புறம், அது சட்டமும் இல்லை. ஒரு மாவட்டத்தின் மாஜிஸ்திரேட்டுகள் செய்த தீர்மானம், அவ்வளவுதான். நாடாளுமன்றம் அந்த அட்டவணையைச் சட்டமாக்கவே இல்லை. ஆனாலும் பாடப்புத்தகங்களில் “ஸ்பீனம்லாண்ட் சட்டம்” என்று எழுதிவிடுகிறார்கள்.

பிப்ரவரி 9, பின்னிரவு

தூக்கம் வரவில்லை, பின்னணியையும் எழுதிவிடுகிறேன்.

1793 முதல் பிரான்சோடு போர். 1794 விளைச்சல் மோசம். 1795 ஜனவரியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 3.1 டிகிரி. மத்திய இங்கிலாந்தின் வெப்பநிலைப் பதிவு 1659இலிருந்து இருக்கிறது, அதிலேயே இவ்வளவு குளிர்ந்த மாதம் வேறு இல்லை. கோதுமை விலை எகிறியது. ரொட்டிதான் அவர்களுக்குச் சோறு.

கூட்டத்துக்குத் தலைமை சார்ல்ஸ் டண்டாஸ், பெர்க்‌ஷயர் நாடாளுமன்ற உறுப்பினர். பக்கத்துக் கின்ட்பரியில் பெரிய வீடு. கென்னட்-ஏவன் கால்வாய்க் கம்பெனிக்கும் அவரே தலைவர். பாத் பக்கம் போனவர்கள் ஆற்றுக்கு மேலே கால்வாய் போகும் கல்பாலத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த டண்டாஸ் பாலம் இவர் பேரில்தான்.

முக்கியமான இடம் இதுதான், பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவர்கள் கூடியதே கூலியை நிர்ணயிக்கத்தான். எலிசபெத் ராணி காலத்து 1563 சட்டப்படி மாஜிஸ்திரேட்டுகள் கூலியை நிர்ணயிக்கலாம். அந்த அதிகாரம் கையில் இருந்தது. உட்கார்ந்து பேசிவிட்டு, ஏழைகளின் நிலைமைக்கு இப்போது கிடைப்பதைவிட அதிக உதவி தேவை என்று ஒத்துக்கொண்டார்கள். ஆனால் கூலியை நிர்ணயிப்பது உசிதமல்ல என்று முடிவெடுத்தார்கள். விலைவாசிக்கு ஏற்பக் கூலியை உயர்த்துங்கள் என்று பண்ணைக்காரர்களுக்கு வேண்டுகோள் மட்டும். வேண்டுகோள்! அதற்கப்புறம்தான் அட்டவணை வருகிறது. என்னைக் கேட்டால் அன்றைய பெரிய முடிவு அந்த அட்டவணை இல்லை. கூலியைத் தொட மாட்டோம் என்றதுதான்.

பிப்ரவரி 11

அட்டவணை கேட்டிருந்தீர்கள்.

கேலன் ரொட்டி என்பது 8 பவுண்டு 11 அவுன்ஸ், நம் கணக்கில் கிட்டத்தட்ட 4 கிலோ. காசுக் கணக்கில் 12 பென்ஸ் சேர்ந்தால் 1 ஷில்லிங், பென்ஸ் ஒன்றானால் பென்னி. அது 1 ஷில்லிங் விற்றால், உழைக்கும் ஏழை ஒருவனுக்கு வாரம் 3 ஷில்லிங். மனைவிக்கும் குடும்பத்தில் மற்ற ஒவ்வொருவருக்கும் 1 ஷில்லிங் 6 பென்ஸ். விலை ஒரு பென்னி ஏறினால் அவனுக்கு 3 பென்ஸ் கூடும், மற்றவர்களுக்குத் தலைக்கு 1 பென்னி. இந்தத் தொகை குடும்பத்தின் சம்பாத்தியமாக வந்தால் சரி, குறைந்தால் மீதியை, ஏழைகளுக்கென்று வசூலித்த வரியிலிருந்து பாரிஷ் (உள்ளூர் தேவாலய வட்டாரம்) கொடுக்கும்.

புருஷன், பெண்டாட்டி, நாலு பிள்ளை. ரொட்டி 1 ஷில்லிங் என்றால் வரவேண்டியது 10 ஷில்லிங் 6 பென்ஸ். பண்ணைக்காரர் 8 ஷில்லிங் கொடுக்கிறார் என்று வையுங்கள், பாரிஷ் 2 ஷில்லிங் 6 பென்ஸ் போடும். அவர் கூலியை 6 ஷில்லிங்காகக் குறைத்தால் பாரிஷ் 4 ஷில்லிங் 6 பென்ஸ் போடும். கூலிக்காரன் கைக்கு வருவது அதேதான். பண்ணைக்காரருக்கு 2 ஷில்லிங் மிச்சம். அந்த மிச்சத்தைக் கட்டுவது யார்? வரி கட்டும் எல்லோரும். கூலிக்கு ஒரு ஆள்கூட வைக்காத சின்னக் குத்தகைக்காரனும், தெருமுனைக் கடைக்காரனும் சேர்ந்துதான்.

பிப்ரவரி 11, சற்று கழித்து

“அப்படியானால் ஏழைகளைச் சோம்பேறியாக்கியது அந்தத் திட்டம்தானே, 1834 அறிக்கையே சொல்கிறதே” என்று ஒருவர்.

சொல்கிறது. 1832இல் அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. பொருளாதார அறிஞர் நாசாவ் சீனியரும் எட்வின் சாட்விக்கும் எழுதிய அறிக்கை 1834இல் வந்தது. உதவித்தொகை கொடுத்துக் கொடுத்து உழைப்பாளியைக் கெடுத்துவிட்டோம் என்பதே அதன் சாரம். அதே வருஷம் புதுச் சட்டம். உடம்பில் தெம்புள்ளவனுக்கு இனி உதவி வேண்டுமானால் பணிமனைக்குள் (ஏழைகளைத் தங்க வைத்து வேலை வாங்கும் விடுதி) வா, உள்ளே இருப்பு வெளியே மிகக் கீழான கூலிக்காரனின் பிழைப்பைவிட மோசமாகத்தான் இருக்கும் என்ற கொள்கை.

1963-64இல் மார்க் பிளாக் என்ற பொருளாதார அறிஞர் அந்த அறிக்கைக்காகத் திரட்டிய தகவல்களையே திரும்ப எடுத்து ஆராய்ந்தார். கூலி குறைவாக இருந்த இடங்களில், விவசாயம் தவிர வேறு வேலை இல்லாத இடங்களில், உதவித்தொகை வந்தது. உதவித்தொகை வந்ததால் கூலி விழுந்தது என்று காட்ட முடியவில்லை. முடிவை முதலில் எழுதிவிட்டு சாட்சியைப் பிறகு தேடியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அலுவலகங்களில் அறிக்கை எழுதியவர்களுக்கு இது புதுசு இல்லை.

பிப்ரவரி 12

ஒரு திருத்தம், மேலே வேறொருவர் போட்டதற்கு: 1795இலிருந்து 1834 வரை நாடு முழுக்க இந்த அட்டவணைதான் ஓடியது என்பது சரியில்லை. தெற்கிலும் கிழக்கிலும் பல பாரிஷ்கள் இந்த மாதிரி ஏதோ ஒன்றைக் கடைப்பிடித்தன. வடக்கே தொழிற்சாலைகள் இருந்த பக்கம் நிலைமை வேறு. இடத்துக்கு இடம், வருஷத்துக்கு வருஷம் மாறியது.

பிப்ரவரி 14

இந்த இழையை ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டுவிட்டேன், வீட்டில் திட்டு.

சொந்த அனுபவம் கேட்டிருந்தார்கள். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு சமையல்கூடத்தில் பாத்திரம் கழுவினேன். பேர் வேண்டாம். கூட வேலை பார்த்த பெண், தனியாகக் குழந்தை வளர்ப்பவள். வாரத்துக்குச் சரியாகப் பதினாறு மணி நேரம்தான் ரோட்டாவில், அதாவது வேலை நேரப் பட்டியலில், போடுவார்கள். ஏன் என்று எனக்கு வெகுநாள் தெரியாது. அவள்தான் சொன்னாள்: பதினாறு மணி வேலை இருந்தால் அரசு வரிச்சலுகை என்ற பேரில் சம்பளத்துக்கு மேல் காசு போடும், அதற்கு மேல் வேலை பார்த்தால் அந்தக் காசு குறைந்துகொண்டே வரும். மேனேஜருக்கும் அது நன்றாகத் தெரியும். சம்பளம் ஏற்றிக் கேட்டால், “உனக்குத்தான் அங்கேயிருந்து வருதே” என்பார்.

ஆள் பொல்லாதவர் என்று அப்போது எனக்குக் கோபம். இன்று யோசித்தால் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை. அந்தப் பதினாறு மணி அவளுக்கும் வேண்டியிருந்தது, குழந்தையைப் பள்ளியிலிருந்து கூப்பிட வேண்டுமே. அந்தக் காசு இல்லாவிட்டால் அவள் வாடகை கட்டியிருக்க முடியாது. ஆனால் அவள் சம்பளத்தில் ஒரு பங்கை ஊர் முழுக்க வரி கட்டி ஏற்றுக்கொண்டிருந்தது, லாபம் கூடத்துக்காரருக்கு. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை. பெலிக்கன் கூட்டத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது டண்டாஸ் இல்லை, அந்த ரோட்டா.

பிப்ரவரி 14, மறுபடியும்

“கூலியை நிர்ணயித்திருந்தால் மட்டும் நடந்திருக்குமா?” நல்ல கேள்வி. அதே வருஷம் டிசம்பரில் ஒருவர் முயன்றார். சாமுவேல் விட்பிரெட், நாடாளுமன்ற உறுப்பினர். குறைந்தபட்சக் கூலியை மாஜிஸ்திரேட்டுகள் நிர்ணயிக்க வழி செய்யும் மசோதா. 1796 பிப்ரவரியில் பிரதமர் பிட் எதிர்த்துப் பேச, மசோதா விழுந்தது. 1800இல் திரும்பக் கொண்டுவந்தார், அதுவும் விழுந்தது. இங்கிலாந்தில் எல்லாருக்குமான குறைந்தபட்சக் கூலி வந்தது 1999 ஏப்ரல் 1ஆம் தேதி, மணிக்கு 3 பவுண்டு 60 பென்ஸ்.

இந்த விட்பிரெட் யார் தெரியுமா? 1742இல் தொடங்கிய விட்பிரெட் பீர் ஆலை முதலாளியின் மகன். பணக்காரச் சத்திரத்தில் கூடியவர்கள் கூலியைத் தொட மறுத்தார்கள், பீர்க்காரர் வீட்டுப் பிள்ளை தொடப் பார்த்தான். அந்தக் கம்பெனி இன்றும் இருக்கிறது, பீர் காய்ச்சுவதைத்தான் விட்டுவிட்டது. பிரீமியர் இன் ஓட்டல்கள் அவர்களுடையவை. வேலை விஷயமாகப் போனால் நானே அதில்தான் தங்குவேன், காலைச் சாப்பாடு பரவாயில்லை.

பிப்ரவரி 15

பணக்காரச் சத்திரம் என்றதற்கு விளக்கம் கேட்கிறார்கள். பெலிக்கன் பில்லுக்குப் பேர் போனது. அந்தப் பறவையின் அலகையும் சத்திரத்தின் பில்லையும் சேர்த்துக் கிண்டலடித்து ஒரு பாட்டே உண்டு (ஆங்கிலத்தில் அலகுக்கும் பில் என்றே பேர்), நடிகர் ஜேம்ஸ் குவின் எழுதியதாகச் சொல்வார்கள். பாத் நகருக்கு வெந்நீர் ஊற்றில் குளிக்கப் போகிற சீமான்கள் வண்டி மாற்றுகிற இடம், லண்டனுக்கும் பாத்துக்கும் ஏறக்குறைய நடுவில். மலிவாக இருக்குமா?

1784 ஆகஸ்ட் 2இல் ஜான் பாமர் முதல் தபால் கோச்சை, அதாவது தபால் குதிரை வண்டியை, இந்தச் சாலையில்தான் ஓட்டிக் காட்டினார். பிரிஸ்டலில் மாலை 4 மணிக்குப் புறப்பட்டு மறுநாள் காலை 8க்கு லண்டன். பதினாறு மணி நேரம். அதற்கு முன்னால் தபாலுக்கு அதைவிடக் கணிசமாக அதிக நேரம் பிடிக்கும். சத்திரத்துக்காரருக்குக் காசு அறையில் மட்டும் இல்லை, லாயத்தில். குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு தடவை குதிரை மாற்றியாக வேண்டும், குதிரை அவருடையது, வைக்கோலும் கொள்ளும் அவர் விற்பது.

மூடியதற்குக் காரணமும் அதுவே. 1841 ஜூன் 30இல் லண்டன்–பிரிஸ்டல் ரயில் பாதை முழுசாகத் திறந்தது. அது நியூபரி வழியாக வரவில்லை, வடக்கே டிட்காட், ஸ்விண்டன் என்று சுற்றிப் போனது. கோச் போக்குவரத்து சில வருஷத்தில் சரிந்தது. நியூபரிக்குக் கிளைப் பாதை வந்தது 1847 டிசம்பரில், அதற்குள் பாத் சாலைச் சத்திரங்களுக்கு வரும்படி போயிருந்தது. அப்படிப் போனவற்றில் பெலிக்கனும் ஒன்று. இதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் பெரிதாக இல்லை, பைபாஸ் வந்ததும் படுத்துப்போன நெடுஞ்சாலை ஓட்டல்களைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

பிப்ரவரி 16

டண்டாஸ் கதையில் விட்டுப்போனது. முப்பத்தைந்து வருஷம் கழித்து, 1830 நவம்பரில், அவர் ஊரான கின்ட்பரியிலேயே கூலிக்காரர்கள் கிளம்பினார்கள். கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள், கூலி உயர்வு கேட்டார்கள். ஸ்விங் கலகம் என்று தெற்கு இங்கிலாந்து முழுக்க நடந்தது. வில்லியம் வின்டர்போர்ன் என்ற கின்ட்பரிக்காரரை 1831 ஜனவரி 11இல் ரெடிங் சிறையில் தூக்கிலிட்டார்கள். டண்டாஸ் அடுத்த வருஷம் பிரபு பட்டம் வாங்கி, அதே வருஷம் இறந்தார்.

பெலிக்கன் அட்டவணை பட்டினியைத் தடுத்தது, கலகத்தை ஒத்திப்போட்டது என்று ஒரு வாதம் உண்டு. ஒத்திப்போட்டது என்பதை ஏற்கலாம்.

பிப்ரவரி 16, இரவு

“நம்ம பக்கத்துக்கு இதில் என்ன சம்பந்தம்?” இழுத்து முடிச்சுப் போடப் பிடிக்காது, ஆனால் ஒன்று நிஜமாகவே இருக்கிறது. இந்த மாதிரி உதவியைக் கடுமையாக எதிர்த்தவர்களில் முக்கியமானவர் மால்தஸ், மக்கள்தொகைப் பெருக்கம் பற்றி எழுதிய பொருளாதார அறிஞர். 1805 முதல் 1834இல் சாகும் வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் கல்லூரியில் பாடம் எடுத்தார். இந்தியாவை ஆள வந்த பையன்கள் அங்கே படித்தவர்கள். அவருக்குப் பின்னால் அதே கல்லூரியில் படித்தவர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி. 1877இல் சென்னை மாகாணப் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையில் ஆண் ஆளுக்கு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று வெட்டினார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் ஒத்துக்கொள்ளாமல் சண்டை போட்டார், சில மாதத்தில் அளவைத் திரும்ப உயர்த்தினார்கள். தாத்தா பாட்டி வாயில் வந்த தாது வருஷப் பஞ்சம் இதுதான்.

பெலிக்கன் கணக்கில் 3 ஷில்லிங்குக்கு மூன்று கேலன் ரொட்டி வரும். வாரத்துக்கு 26 பவுண்டு. முழுவதும் ரொட்டிக்கே போகாது, துணி, விளக்கு என்று செலவு உண்டு. டெம்பிள் கணக்கில் தானியம் வாரத்துக்கு 7 பவுண்டு.

பிப்ரவரி 18

அட்டவணையைத் தாளில் போட்டுப் பார்த்தேன். ரொட்டி 1 ஷில்லிங்: அவனுக்கு 3 ரொட்டிக்கான காசு, மனைவிக்கு ஒன்றரை. ரொட்டி 1 ஷில்லிங் 4 பென்ஸ்: அவனுக்கு 4 ஷில்லிங், அதே 3 ரொட்டி. மனைவிக்கு 1 ஷில்லிங் 10 பென்ஸ், ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. ரொட்டி 2 ஷில்லிங்: அவனுக்கு 6 ஷில்லிங், இன்னமும் 3. மனைவிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 2 ஷில்லிங் 6 பென்ஸ், ஒன்றேகால். அந்த ஆறு பேர் குடும்பத்துக்கு மொத்தம் பத்தரை ரொட்டியிலிருந்து ஒன்பதேகால் ஆகிவிட்டது.

பஞ்சம் முற்ற முற்ற வெட்டு விழுவது முழுக்கப் பெண்டு பிள்ளைகள் பங்கில். மாஜிஸ்திரேட்டுகள் இவர்களுக்குத் தலைக்கு ஒரு ரொட்டியின் விலையேற்றத்தை மட்டும் ஈடுகட்டினார்கள், பாக்கி 6 பென்ஸ் அப்படியே நிற்கிறது. வேண்டுமென்றே செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன், கணக்கைச் சுலபமாக வைக்க மூன்றும் ஒன்றும் என்று போட்டிருக்கலாம்.

பிப்ரவரி 18, பிறகு

அமெரிக்காவிலும் இந்த வாதம் எழுந்ததா என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: 1969இல் ஜனாதிபதி நிக்சன் ஏழைக் குடும்பங்களுக்கு உறுதியான வருமானம் தரும் திட்டம் ஒன்றை யோசித்தபோது, உதவியாளர் மார்ட்டின் ஆண்டர்சன் ஸ்பீனம்லாண்டைக் காட்டிக் குறிப்பு எழுதினார். 1944இல் பொருளாதார வரலாற்றாளர் கார்ல் போலானி எழுதியதிலிருந்து எடுத்துக் கொடுத்தார். போலானியோ சந்தைப் பொருளாதாரத்தைக் கண்டிக்கத்தான் அதை எழுதினார், எதிர்த் தரப்பார் கையில் போய் மாட்டிக்கொண்டது. திட்டம் செனட்டில் செத்தது, அதற்கு வேறு காரணங்களும் உண்டு.

பிப்ரவரி 21

போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: நியூபரி ஸ்டேஷனில் இறங்கி வடக்கே நடங்கள். வழியில் கென்னட் மேல் கல்பாலம், அதைத் தாண்டினால் நார்த்புரூக் தெரு. தெரு முடிகிற இடத்தில் மணிக்கூண்டு, அதிலிருந்து வலப்பக்கம் பிரியும் லண்டன் சாலைதான் பழைய பாத் வழி. சத்திரம் அந்தப் பக்கம் இருந்தது. குடிக்கவோ சாப்பிடவோ அங்கே எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். வியாழக்கிழமை போனால் சந்தையில் நல்ல ரொட்டி கிடைக்கும், ஆனால் மத்தியானத்துக்குள் போய்விடுங்கள்.